மூன்று வெள்ளிக்கு ஒரு காய்ச்சல்

எழுபதுகளில் காரைக்குடியின் அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் கல்யாணசுந்தரியை மறந்திருக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கிற அறைக்குள் நுழைந்ததும், பெயர் கேட்பதற்கு முன்பே அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இன்னைக்கு எத்தனாவது நாளு?" காய்ச்சல் என்றால் காய்ச்சல் கண்டு எத்தனாவது நாள், வீக்கம் என்றால் வீங்கி எத்தனாவது நாள், ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றால், கடைசியாகப் படுத்து எழுந்து எத்தனாவது நாள். பதில் வரும் வரை ஊசியைத் தொட மாட்டாள். பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் காரில் வந்து இறங்கி, "நான் ரத்தம் குடுக்க வந்தேனா, சாதகம் பாக்க வந்தேனா?" என்று சத்தம் போட்டது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. கல்யாணசுந்தரி அசையவில்லை. ஆச்சி கடைசியில் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினார்.

சிப்பந்திகள் அவளுக்கு 'எத்தனாம் நாள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் சுருக்கென்று பேசுகிறவள் அதற்கு மட்டும் கோபித்துக்கொண்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்.

1966 பங்குனிக்கு முன்னால் அந்தக் கேள்வி அவள் வாயில் இருந்ததில்லை.

அவள் கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பத்தாவது முடித்து, மதுரையில் ஒரு வருஷம் பரிசோதனைக்கூட வேலை படித்துவிட்டு ஐம்பத்தெட்டில் இங்கே வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டு வரனும் 'ரத்தத்தை வாயால உறியிற பொண்ணாமே' என்று முகம் சுளித்துப் போய்விட்டார்கள். அதற்காக அவள் அழுததாகத் தெரியவில்லை. உண்மைதானே, அன்றைக்கு வேலை அப்படித்தான் இருந்தது. பிப்பெட் என்கிற மெல்லிய கண்ணாடிக் குழாயை உதட்டில் வைத்து, விரல் நுனியிலிருந்து ரத்தத்தைக் கோடு வரைக்கும் உறிஞ்ச வேண்டும். மருந்தில் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு கட்டமாக வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். பாதியை எண்ணிவிட்டு மீதியை உத்தேசமாகப் போடுகிறவர்களும் அந்தத் தொழிலில் உண்டு. அவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தால் முப்பது பேரையும் முழுக்க எண்ணுவாள். தன் எண்ணிக்கை தப்பாது என்பதில் அவளுக்குப் பெருமை, கொஞ்சம் கர்வம் என்றே சொல்லலாம்.

திங்கட்கிழமை சந்தை நாள். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் டவுனுக்கு வரும். வந்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் வரும். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் மலையம்மாள் தன் மகள் அழகியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அழகிக்கு ஆறு வயது. தகப்பன் வீரையா ஆத்தங்குடியில், தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது; ஓடியது, அறையில் இருந்த கண்ணாடிக் குழாய்களை எட்டிப் பார்த்தது. வாயைத் திறந்தால்தான் தெரியும். ஈறுகள் சிவந்து, தடித்து, பல்லை விட்டு ஒதுங்கி இருந்தன. முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்து முளைக்கிற ஆட்டம் இல்லை. அடியில் எலும்பே கரைந்துபோய் ஆடுகிற ஆட்டம்.

டாக்டர் ஞானசம்பந்தம் நல்ல மனுஷர். ஆனால் சந்தை நாளில் நூறு பேரைப் பார்க்கிறவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "பல்லே வெளக்கி விடுறதில்லையா? வாய இப்படி வெச்சிருந்தா என்ன பண்றது?" என்று மலையம்மாளைக் கடிந்துகொண்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். எப்போதும் அப்படி மூடிக்கொண்டுதான் பேசுவாள். இருபத்தேழு வயதுதான், வாயில் நாலைந்து பல்லுக்கு மேல் இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் உதைத்தது. ஈ.எஸ்.ஆர். என்று ஒரு சோதனை. நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் விறுவிறுவென்று இறங்கும். பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் பயமில்லை. அழகிக்கு அறுபத்தெட்டு. அடுப்பு அணைந்திருக்கிறது, சாம்பல் மட்டும் சுடுகிறது என்பது போல இருந்தது கல்யாணசுந்தரிக்கு.

டாக்டர் காசநோயாக இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தார். அவர்கள் மறுபடி வந்தார்கள். மறுபடியும் அணுக்கள் சரி, ஈ.எஸ்.ஆர். எழுபது. நாலாவது தடவை வந்தபோது, கல்யாணசுந்தரி பழைய கணக்கைப் பார்ப்போம் என்று பதிவு நோட்டைப் புரட்டினாள். ஜனவரி மூன்று. ஜனவரி இருபத்து நாலு. பிப்ரவரி பதினாலு. இன்றைக்கு மார்ச் ஏழு. நாலும் திங்கட்கிழமை. சந்தை நாள், அதனால் வருகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் சந்தை வாராவாரம் கூடுகிறது. இந்தப் பிள்ளை மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மலையம்மா, பிள்ளைக்குக் காய்ச்ச எப்ப வந்துச்சு?"

"காய்ச்சன்னு சொல்லாதீகம்மா," என்று மலையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டுப் போனா."

"சரி, ஆத்தா எப்ப வந்தா?"

"வெள்ளிக்கெழமை. எப்பவும் வெள்ளிக்கெழமைதான், அவளுக்கு உகந்த நாளுல. வாய்க்குள்ள முத்துப் போட்டுரும். ஈறெல்லாம் வீங்கி, பச்சத்தண்ணி உள்ள எறங்காது. வேப்பெலையச் சொருகி, யாரையும் உள்ள விடாம வெச்சிருப்போம். ஒம்பதாம் நாளு தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, திங்கக்கெழமை சந்தை வண்டியில இங்குட்டுக் கூட்டியாருவோம்."

கல்யாணசுந்தரி மறுபடி நோட்டைப் பார்த்தாள். இருபத்தோரு நாள் என்பது மிகச் சரியாக மூன்று வாரம். எத்தனை முறை வந்தாலும் கிழமை மாறாது. நோய் இருபது நாளைக்கு ஒருமுறை வந்திருந்தால் வெள்ளி, வியாழன், புதன் என்று நகர்ந்திருக்கும். வீட்டில் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அம்மன் நாளில் அம்மன் வருகிறாள் என்று நம்பியதில் அவர்கள் தப்பு என்ன? வந்தவளை மரியாதையாக வழியனுப்பிவிட்டு, எல்லாம் தெளிந்த பிறகு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். இவள் தெளிந்த ரத்தத்தை எண்ணி எண்ணிச் சரி, சரி என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் ஓடினாள். அவர் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு நோட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தவர், கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்தார். அரை மணி நேரம் புரட்டிவிட்டுச் சொன்னார். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு, கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் நிற்கிற வெள்ளை அணு இருக்கிறதே, நியூட்ரோஃபில், அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடியோடு வற்றி, சில நாளில் தானே ஊறிவிடுமாம். வற்றுகிற நாளில் வாயில் இருக்கிற சாதாரணக் கிருமியே ஈறை அரித்துவிடும். ஈறோடு போனால் பல்தான் போகும். ரத்தத்துக்குள் போனால் பிள்ளையே போய்விடும்.

"வத்தியிருக்கிற அன்னைக்கு ஒரு சொட்டு ரத்தம் வேணும் சுந்தரி. வத்துறது தெரிஞ்சிட்டா அந்த நாள்ல பென்சிலின் போட்டுக் காப்பாத்திரலாம். எல்லாம் அந்த நாள்ல நடக்கணும்."

வெளியே காத்திருந்த மலையம்மாளிடம் அவள் சொன்னாள்: "வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி மறுபடி வரும். அன்னைக்கே பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு."

மலையம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். "மாட்டேம்மா. ஒரு தரம் கூட்டியாந்து ஒண்ணக் குடுத்துட்டேன்." அழகிக்கு மூத்தவன் சின்னக்கருப்பு. அவனுக்கும் இதே வெள்ளி, இதே முத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, பையன் நன்றாக இருக்கிறான் என்று சீட்டுக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை வருகிற பல் டாக்டர் ஆடுகிற பல்லை எடுக்கத் தேதி கொடுத்தார். அது ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. காலையிலேயே பையனுக்கு உடம்பு சுட்டது. "ஆத்தா வந்த ஒடம்புன்னு தெரிஞ்சும், சொன்ன தேதி தப்பக்கூடாதுன்னு கூட்டியாந்தோம். பல்லப் புடுங்குன எடம் கறுத்துப் போச்சு. தாடை வீங்கி, அஞ்சாம் நாளு போயிட்டான். அவ குடியிருக்கயில இரும்பப் பட விட்டா சும்மா விடுவாளா?"

அந்த நாளில் இரும்பு படக்கூடாது என்று அவர்கள் கண்டுகொண்டது உண்மைதான். பல்லைப் பிடுங்கியதுதான் அவனைக் கொன்றது. காரணத்துக்கு மட்டும் வேறு பெயர்.

மார்ச் பதினெட்டு, வெள்ளி. அவர்கள் வரவில்லை. வருவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. காலை பஸ்ஸில் பிப்பெட்டையும் கண்ணாடித் துண்டுகளையும் ஒரு தூக்குச்சட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி எடுத்துக்கொண்டு ஆத்தங்குடியில் இறங்கினாள். ஊரெங்கும் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். வீரையாவின் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. வீரையா வாசலை மறித்து நின்றான். கையில் பூக்கல் சாயம் பச்சையாக ஒட்டியிருந்தது.

"கோவிச்சுக்கிறாதீகம்மா, போயிருங்க. தெருவுல நடந்து வந்த காலோட உள்ள வரக்கூடாது."

"குளிச்சிட்டு வர்றேன்."

"குளிச்சாலும் ஊசி கூடாது."

அவள் பக்கத்துக் கிணற்றடிக்குப் போய், கட்டிய சேலையோடு இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து அதே வாசலில் நின்றாள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரையும் விரட்டுகிறவள் அங்கே யாரையும் விரட்டவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். சேலை காய்ந்துவிட்டது. திரும்பவும் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

உள்ளே இருந்து மலையம்மாள் எழுந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "அவுகள விடுங்க," என்றாள் புருஷனிடம். "பிள்ள வாயில வாடை வருது. சின்னக்கருப்புக்கு அந்த அஞ்சு நாளும் வந்த அதே வாடை. நான் இன்னொரு தரம் இத மோந்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."

"ஊசி போட்டா அவ பொறுக்க மாட்டாளே புள்ள," என்றான் வீரையா.

"அந்நிய ஆளு தொட்டாத்தான பொறுக்க மாட்டா? நான் குத்துறேன்."

வேப்பிலைப் படுக்கையில் அழகி கண் மூடிக் கிடந்தாள். உதடு வெடித்து, ஈறுகளின் ஓரம் சாம்பல் பூத்து அழுகியிருந்தது. மலையம்மாள் ஊசி முனையை மஞ்சள் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்றாள். கல்யாணசுந்தரி, "நனை. அப்புறம் நான் தர்ற ஸ்பிரிட்டுலயும் ஒரு தரம் நனைச்சிரு," என்றாள். மலையம்மாள் மகளின் விரலைப் பிடித்தாள். "தாயே, கோவம் இருந்தா எம்மேல வெச்சுக்க," என்று சொல்லிக் குத்தினாள். பிள்ளை முனகக்கூட இல்லை. கல்யாணசுந்தரி விரலைத் தொடாமல் குனிந்து, பிப்பெட்டை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். இரண்டு கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுத்துக் காயவைத்தாள்.

பிற்பகல் பஸ்ஸில் திரும்பி, சாயம் ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எண்ணினாள். நூறு அணுக்களில் அறுபது நியூட்ரோஃபில் இருக்க வேண்டிய இடம். பத்து, இருபது, ஐம்பது என்று எண்ணிக்கொண்டே போனாள். ஒன்றுகூட இல்லை. எண்பத்தேழாவதாக ஒன்று, தன்னந்தனியாக நின்றது. நூறு முடிந்தது. நம்பாமல் இரண்டாவது கண்ணாடியையும் எண்ணினாள். அதில் அதுவும் இல்லை.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, பென்சிலின் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளையும் காரில் ஏற்றிக்கொண்டார். வெயில் இறங்குவதற்குள் ஆத்தங்குடி. வாசலில் செருப்பை விட்டு, கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பேண்ட் நனைய, வேப்பிலைக்குக் குனிந்து உள்ளே நுழைந்தார். பிள்ளைக்கு ஊசியை அவர்தான் போட்டார். வீரையா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், தடுக்கவில்லை. அடுத்த ஐந்து நாளும் அவர் வந்தார்.

அழகி பிழைத்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமையே பென்சிலின் தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு. அந்த வாரத்தில் முறுக்கு, கரும்பு எதுவும் கிடையாது. பதினைந்து வயதுக்குள் பாதிப் பல் போய்விட்டது. காய்ச்சல் மட்டும் வயது ஏற ஏறத் தணிந்தது. எழுபத்தெட்டில் திருக்கோஷ்டியூரில் கட்டிக்கொடுத்தார்கள். இந்த நோய் பெற்றவர் வழியாகப் பிள்ளைக்கு வருவதும் உண்டு என்று டாக்டரின் புத்தகத்தில் போட்டிருந்தது. மலையம்மாளின் பல்லில்லாத வாயை நினைத்து, டாக்டரும் கல்யாணசுந்தரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. அந்த வீட்டில் அதைச் சொல்லவில்லை. ரத்தம் பார்க்க மலையம்மாளின் விரலைக் கல்யாணசுந்தரி கடைசி வரை கேட்கவே இல்லை.

ஆனால் அந்த அறுபத்தாறு மார்ச் இருபத்தெட்டாம் தேதியைச் சொல்லாமல் கல்யாணசுந்தரியின் கதை முடியாது. தலைக்குத் தண்ணி ஊற்றி முடித்து, வழக்கம்போல் சந்தை வண்டியில் தாயும் பிள்ளையும் வந்தார்கள். மலையம்மாள் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். ஓரமெல்லாம் மஞ்சள் கறை.

"சின்னக்கருப்புக்கு அன்னைக்கு இங்க குடுத்த சீட்டும்மா. அவன் போட்டுருந்த சட்டையோட வெச்சிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஊருல யாருக்கிட்டயும் காட்டவும் மனசில்ல. என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொன்னா நம்புவேன்."

கல்யாணசுந்தரி தாளைப் பிரித்தாள். சின்னக்கருப்பு, வயது ஏழு. ஆகஸ்ட் பன்னிரண்டு, 1963. வெள்ளை அணுக்கள் எண்ணாயிரத்து இருநூறு. கீழே ஆங்கிலத்தில், எல்லாம் இயல்பு. அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து. அந்தப் பையனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ஒரு திங்கட்கிழமையில் முப்பது பேரில் ஒருவன். அவள் தப்பில்லாமல் எண்ணியிருந்தாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். படிக்கத் தெரியாதவளிடம் சொல்லத் தடை என்ன?

"பையன் நல்லா இருக்கான்னு எழுதியிருக்கு," என்றாள். "எழுதினது நான்தான்."

மலையம்மாள் வாயை மூடியிருந்த முந்தானையைக் கீழே விட்டாள். அழகி அம்மாவின் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"அன்னைக்கு எண்ணுனது தப்பாம்மா?"

"எண்ணுனது சரி. நாளுதான் தப்பு. எந்த நாளுன்னு நான் கேக்கல."

"நானும் சொல்லலையேம்மா," என்றாள் மலையம்மாள். கண்ணீர் தாரையாக இறங்கியது. "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதைத்தான் கல்யாணசுந்தரியால் தாங்க முடியாமல் போயிற்று. மேஜை மேல் தலையை வைத்து அழுதாள். மலையம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெளியே பெஞ்சில் சந்தைக்கு வந்த ஆள் ஒருவர் வெகுநேரமாகக் காத்திருந்தார். கல்யாணசுந்தரி முகத்தைக் கழுவிக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். அவள் ஊசியை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

"உங்களுக்கு இன்னைக்கு எத்தனாவது நாளு?" என்று கேட்டாள்.